கமிட்டி ஒன்றா, பலரா?

கிரிக்கெட் ஒளிபரப்பின் கடைசி ஓவர்களில் திரையின் அடியில் ‘இந்தியா நீட் 24 ரன்ஸ் ஃப்ரம் 18 பால்ஸ்’ என்று வரும். ‘நீட்ஸ்’ அல்ல, ‘நீட்’. மறுநாள் அதே இந்தியா ஏதோ ஒரு நாட்டோடு ஒப்பந்தம் போட்டால் ஆங்கிலச் செய்தியில் ‘இந்தியா சைன்ஸ்’ என்று ஓர் ‘எஸ்’ வந்து ஒட்டிக்கொள்ளும். மைதானத்தில் பதினோரு பேராக நின்ற நாடு, அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ஒற்றை ஆளாகிவிடுகிறது. 18 பந்தில் 24 ரன் என்ற நெருக்கடியில் அந்த ‘எஸ்’ எங்கே போனது என்று யாரும் தேடுவதில்லை. எனக்கு அதைத் தேடுவதுதான் பிழைப்பு.

லண்டனிலோ நியூயார்க்கிலோ வெளியாகும் பாடநூல், மருத்துவ இதழ், வரலாற்றுப் புத்தகம் என்று பலவும் வாசகர் கைக்குப் போகும் முன் சென்னையிலோ புதுச்சேரியிலோ ஒரு மாடி அலுவலகத்தில் வரிவரியாக வாசிக்கப்படுகின்றன. அந்த வாசிப்புக்குக் காப்பி எடிட்டிங் என்று பெயர். காற்புள்ளி சரியா, எழுத்துக்கூட்டு பிரிட்டிஷா அமெரிக்கனா, அட்டவணையில் உள்ள எண்ணும் உரையில் உள்ள எண்ணும் ஒன்றா, எழுவாயும் வினையும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது வேலை. நான் சேர்ந்த காலத்தில் அச்செடுத்த தாளில் சிவப்புப் பேனாவால் திருத்தினோம். பிறகு எல்லாம் திரைக்குப் போய், ‘ட்ராக் சேஞ்சஸ்’ வந்தது. கருவி மாறினாலும் தகராறுகள் மாறவில்லை. அதில் பழைய தகராறு, கலெக்டிவ் நவுன் என்கிற தொகுப்புப் பெயர். டீம், கமிட்டி, கவர்ன்மென்ட், ஃபேமிலி, ஜூரி, ஸ்டாஃப், ஆடியன்ஸ். பார்க்க ஒருமை, உள்ளே பலர். வினை எதைப் பார்த்து வர வேண்டும்?

பள்ளியில் நாம் எல்லோரும் படித்தது ரென் அண்ட் மார்ட்டின். ஒரே அமைப்பாக நினைத்தால் ஒருமை வினை, உறுப்பினர்களைத் தனித்தனியாக நினைத்தால் பன்மை வினை என்பது அங்கே சொல்லப்பட்ட விதி. விதியில் குறையில்லை. ஆனால் மேசையில் உட்கார்ந்து திருத்தும்போது அது பாதித் தூரம்கூடக் கொண்டுபோகாது. நினைப்பது எழுதியவர், திருத்துவது நான். எடின்பரோவில் இருக்கும் ஒரு பேராசிரியர் கமிட்டியை ஒன்றாக நினைத்தாரா, பன்னிரண்டாக நினைத்தாரா என்பது தரமணியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எப்படித் தெரியும்? அவர் எழுதிய வாக்கியத்துக்குள்தான் அதற்கான தடயம் கிடக்க வேண்டும். பெரும்பாலும் கிடக்கும். தேடத் தெரிய வேண்டும்.

இந்தத் துறைக்கு வரும் புதியவர்களிடம் நான் முதலில் காட்டுவது இரண்டு வாக்கியங்கள். ‘த டீம் இஸ் ஓல்ட்’, ‘த டீம் ஆர் ஓல்ட்’. எது தவறு என்று கேட்டால் உடனே இரண்டாவதைக் காட்டுவார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இரண்டும் சரி. பொருள்தான் வேறு. முதலாவதில் அணி தொடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆடுகிறவர்கள் இருபது வயதுப் பையன்களாகக்கூட இருக்கலாம். இரண்டாவதில் அணி நேற்று தொடங்கியதாக இருக்கலாம், ஆடுகிறவர்களுக்குத்தான் வயதாகிவிட்டது. ஒரே ஒரு வினையை மாற்றி இவ்வளவு பெரிய வேறுபாட்டைச் சொல்லிவிட முடிகிற இடத்தில், அதைப் பிழை என்று வெட்டுகிறவரை என்னவென்று சொல்வது?

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், ஓர் ஆங்கில நாளிதழில் செய்தி மேசையில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். நான் எதையாவது சிவப்பால் கிழித்துவிட்டுக் கொண்டுபோனால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்பார்: “ஏம்மா, இது தப்பா, இல்ல உனக்குப் பழக்கமில்லாததா?” பதில் சொல்லத் தெரியாவிட்டால் தாள் திரும்பி வந்துவிடும். தொகுப்புப் பெயர் விஷயத்தில் அந்தக் கேள்வியைப் போல எனக்கு உதவிய புத்தகம் கிடையாது.

இதில் நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழில் குழு கூடியது, அரசு அறிவித்தது, அணி வென்றது. குழுவுக்குள் மனிதர்களே இருந்தாலும் சொல் அஃறிணை. வினையும் அதன்படியே வரும். பலராகச் சொல்ல வேண்டுமென்றால் நாம் வினையை மட்டும் மாற்றுவதில்லை, பெயரையே மாற்றிவிடுகிறோம். குழுவினர் கூடினர், குடும்பத்தினர் வந்தனர், காவல்துறையினர் விசாரிக்கின்றனர். ஆங்கிலேயர் பெயரைத் தொடாமல் வினையால் மட்டும் சொல்வதை நாம் ‘இனர்’ போட்டுச் சொல்கிறோம். அதனால் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் ‘கமிட்டி ஆர்’ என்பது காதில் இடறுகிறது. அவர்களை அறியாமலே ‘மெம்பர்ஸ் ஆஃப் த கமிட்டி ஆர்’ என்று ‘மெம்பர்ஸ்’ போட்டுவிடுகிறார்கள். ஆங்கில இலக்கண ஆசிரியர்களும் இதையேதான் சுலப வழி என்று சொல்லித்தருகிறார்கள். ஓர் இடத்தில் போட்டால் நல்ல வழிதான். ஒரு பக்கத்தில் ஆறு இடத்தில் போட்டால் கூட்டக் குறிப்பை வாசிக்கிற அலுப்பு வந்துவிடும்.

மறுபக்கத்தில் ‘போலீஸ்’ இருக்கிறது. பேச்சுத் தமிழில் “போலீஸ் வந்துருச்சு” என்று ஒருமையில் பழகியதால் ‘போலீஸ் ஹேஸ் அரெஸ்டட்’ என்பது நமக்குத் துளியும் உறுத்தாது. ஆனால் ஆங்கிலத்தில் போலீஸ், கேட்டில், பீப்பிள் ஆகிய மூன்றும் எப்போதும் பன்மை. லண்டனிலும் பன்மை, சிகாகோவிலும் பன்மை. ‘ஸ்டாஃப்ஸ்’ என்று நம்மூர்ப் பள்ளிச் சுற்றறிக்கைகளில் காண்பது இன்னொரு கதை. ஸ்டாஃப் என்பதே கூட்டம். ஓர் ஆளைச் சொல்ல ‘மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்’ என்றுதான் எழுத வேண்டும்.

நாடு மாறினால் வழக்கு மாறுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அமெரிக்கர்களுக்கு ஒருமை, பிரிட்டிஷ்காரர்களுக்கு இரண்டும். இது முக்கால்வாசி உண்மை. பிரிட்டனில் 1926இல் வெளியான ஹென்றி ஃபௌலரின் வழக்கு அகராதி, இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், எடுத்த பிறகு தடுமாறாதே என்கிற நிலைப்பாட்டை எடுத்தது. அவருக்கும் வெகுமுன்னால், அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தின் யார்க் நகரில் குடியேறிய லிண்ட்லி மரே 1795இல் வெளியிட்ட இலக்கணத்திலேயே இரண்டுக்கும் இடம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் செய்தித்தாள்களிலும் ஒருமை மெல்ல மேலேறி வந்துவிட்டது. பி.பி.சி. தன் செய்தித்தளத்தில் நிறுவனங்களையும் அரசுகளையும் ஒருமையாகவே நடத்துகிறது. விளையாட்டு அணிகளுக்குப் பன்மை. ஆனால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அமைச்சர்கள் எழுந்து ‘த கவர்ன்மென்ட் ஆர்’ என்று இன்றும் சொல்கிறார்கள்.

அமெரிக்கர்களின் ஒருமையிலும் ஓட்டை இருக்கிறது. ஏ.பி. செய்தி நிறுவனத்தின் நடைக்கையேட்டில், மயாமி ஹீட் போன்ற கூடைப்பந்து அணிக்குப் பன்மை வினைதான். ஹீட் என்றால் வெப்பம், ஒருமைச் சொல். ஆனால் யாங்கீஸ், லேக்கர்ஸ் என்று பெரும்பாலான அணிகள் பன்மைப் பெயரோடு இருக்கும்போது இதை மட்டும் ஒருமையில் விட அவர்களுக்கு மனம் வரவில்லை. அணியின் பெயருக்குப் பதில் ஊரின் பெயரைச் சொன்னாலோ பாஸ்டன் இஸ், மயாமி இஸ். இன்னொன்று கப்பிள், அதாவது தம்பதி. எல்லாத் தொகுப்புப் பெயரும் ஒருமை என்று பிடிவாதம் பிடித்தால் ‘தம்பதி தனது தேனிலவுக்குப் புறப்பட்டது’ என்கிற மாதிரி ஒரு வாக்கியம் கிடைக்கும். ‘இட்ஸ் ஹனிமூன்’ என்று எழுதக் கை கூசிப்போய்த்தான் அங்கே அவர்களும் பன்மைக்கு வந்திருக்கிறார்கள் என்பது என் ஊகம்.

இசைக்குழுக்கள் பற்றிய புத்தகம் வந்தால் இந்தச் சங்கடம் இன்னும் கூடும். பீட்டில்ஸுக்குப் பிரச்சினையே இல்லை, பெயரே பன்மை. குவீன் குழுவுக்கு அமெரிக்க வழக்கில் ‘குவீன் வாஸ்’ என்று போட்டால் வாசகர் ஒரு கணம் பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போய்விட்டு வருவார். பிரிட்டிஷ் ‘குவீன் வேர்’ அந்தக் குழப்பத்தைப் பிறக்கவே விடுவதில்லை.

எங்கள் அலுவலகத்துக்கு ஒருமுறை பிரிட்டனில் ஒரு நகரத்து மருத்துவமனையின் வரலாறு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கூட்டக் குறிப்புகளை ஆதாரமாக வைத்து எழுதிய தடித்த நூல். நிர்வாகக் கமிட்டிதான் அதன் கதாநாயகன், வில்லன் எல்லாம். பதிப்பகத்தின் நடைவிதியில் தொகுப்புப் பெயர்களுக்கு ஒருமை என்று ஒரு வரி இருந்தது. பொருள் கேட்டால் பன்மை வரலாம் என்று அதற்கு அடுத்த வரியும் இருந்தது. முதலில் திருத்தியவர் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார். நூல் முழுக்கக் கமிட்டி ஒற்றை ஆளாகிவிட்டது. அச்சுப்படி ஆசிரியருக்குப் போனது. திரும்பி வந்த கடிதம் மிகச் சுருக்கம். கமிட்டிக்குள் சண்டை நடந்த அத்தியாயங்களில் நான் பன்மையில் எழுதினேன், ஒருமனதாகத் தீர்மானம் போட்ட பிறகு ஒருமையில் எழுதினேன். நான் அவர்களைச் சமாதானம் செய்துவைக்கும் முன்பே நீங்கள் செய்துவைத்துவிட்டீர்கள் என்பது அதன் சாரம்.

அந்த அச்சுப்படி என்னிடம் வந்தது. மூல மேனுஸ்கிரிப்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கமிட்டியாகப் பார்த்துக்கொண்டு போனால், மனிதர் சொன்னது அப்படியே இருந்தது. புதிய வார்டு கட்டுவதா வேண்டாமா என்று அடித்துக்கொண்ட ஆண்டுகளில் கமிட்டி வேர், கமிட்டி ஹேவ், தேர் சீட்ஸ், ஒன் அனதர். கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பக்கத்தில் இருந்து கமிட்டி வாஸ், இட்ஸ் டிசிஷன். திருத்தியவர் வினையை மட்டும் மாற்றியிருந்தார். ‘ஒன் அனதர்’ அங்கேயே நின்றது. ஒருமைக் கமிட்டி ‘ஒருவரோடொருவர்’ மோதிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாவது அவர் நின்றிருக்க வேண்டும். இத்தனைக்கும் அந்த நூலில் மேற்கோளாக வரும் கூட்டக் குறிப்புகள், அக்கால வழக்கப்படி ‘த கமிட்டி ஆர் ஆஃப் ஒபீனியன்’ என்று பன்மையிலேயே பேசின. மேற்கோளைத் தொட யாருக்கும் உரிமை இல்லை. ஆக, மேற்கோளில் பலராகப் பேசிய கமிட்டி அடுத்த வரியில் ஒற்றை ஆளாகிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் பழையபடி வைத்து, ஓரத்தில் ‘ஸ்டெட்’ போட்டுக்கொண்டே போனேன். இருந்தபடியே இருக்கட்டும் என்பதற்கு அச்சுத் தொழிலில் உள்ள குறி அது. அச்சுப்படி நிலையில் ஓர் எழுத்து மாறினாலும் செலவு யார் கணக்கில் என்ற கேள்வி வரும். அந்த முறை யாரும் கேட்கவில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரு வழிமுறை அமைந்தது. தொகுப்புப் பெயரைப் பார்த்ததும் வினைக்குப் போவதில்லை, வாக்கியத்தின் மிச்சத்துக்குப் போகிறேன். டிவைடட், டிஸக்ரீ, ஒன் அனதர், தேர் சீட்ஸ் என்று பலரைக் கேட்கும் சொல் ஏதாவது இருக்கிறதா? பதிலிப் பெயர் இட்ஸா, தேரா? பின்னால் ஒட்டியிருப்பது ‘விச்’சா, ‘ஹூ’வா? ‘விச் இஸ்’, ‘ஹூ ஆர்’ என்று ஜோடியாகத்தான் இவை வரும். ‘விச் ஆர்’ என்றோ ‘ஹூ இஸ்’ என்றோ கண்டால் எழுதியவர் வாக்கியத்தின் நடுவில் மனம் மாறிவிட்டார் என்று அர்த்தம். தொகுப்புப் பெயர் விஷயத்தில் பிழை என்று நான் துணிந்து சொல்வது இந்தத் தடுமாற்றத்தை மட்டும்தான். ஒரே வாக்கியத்தில் ‘ஹேஸ்’ என்று தொடங்கி ‘தேர்’ என்று முடிந்தால் ஏதாவது ஒரு முனையைத் திருத்தியே ஆக வேண்டும். எந்த முனை என்று தெரியாவிட்டால் ஏ.க்யூ., அதாவது ‘ஆத்தர் க்வெரி’ போட்டு ஆசிரியரையே கேட்டுவிடுவேன். ஒரு நூலின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒருமை, ஏழாம் அத்தியாயத்தில் பன்மை என்பதைப் பெரிய குற்றமாக நான் எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்கிற பதிப்பகங்கள் உண்டு. அவர்கள் பணம் கொடுக்கிறார்கள், அவர்கள் விதி.

ஒவ்வொரு வேலைக்கும் ஸ்டைல் ஷீட் ஒன்று தயாரிப்போம். என்னுடையதில் வழக்கமாக இருக்கும் வரிகள்: கவர்ன்மென்ட் ஒருமை, போலீஸ் பன்மை, கிரிக்கெட், கால்பந்து அணிகள் பன்மை, கம்பெனிகள் ஒருமை, மேற்கோள்கள் தொடாதே. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டு முடித்துவிடலாம் என்று கணினியில் கெட்டிக்காரர்களாக வருகிற இளைஞர்கள் நினைப்பார்கள். முடியாது. கமிட்டி ஒரு வரியில் இருக்கும், அதன் வினை நடுவில் இரண்டு துணைவாக்கியம் தாண்டி மூன்றாவது வரியில் இருக்கும். இடையில் ‘ரிப்போர்ட்ஸ்’, ‘டாக்டர்ஸ்’ என்று பன்மைச் சொற்கள் வந்து வினையைத் தங்கள் பக்கம் இழுக்கும். ஆங்கில இலக்கண அறிஞர் குவர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் 1985இல் எழுதிய பேரிலக்கணம் எழுவாய், வினைப் பொருத்தத்துக்கு மூன்று காரணங்களைச் சொல்கிறது: சொல்லின் வடிவம், மனதில் உள்ள பொருள், பக்கத்தில் நிற்கும் சொல். எழுதுகிறவர் அவசரத்தில் இருந்தால் மூன்றாவதுதான் ஜெயிக்கும்.

மருத்துவ இதழ்களில் இந்தச் சிக்கல் வேறு வேடம் போட்டு வரும். ‘எ நம்பர் ஆஃப் பேஷன்ட்ஸ் வேர்’ பன்மை. ‘த நம்பர் ஆஃப் பேஷன்ட்ஸ் வாஸ்’ ஒருமை. முன்னால் நிற்கும் ‘எ’, ‘த’ இரண்டும்தான் தீர்ப்பு சொல்கின்றன. முன்னது ‘பலர்’ என்கிறது, பின்னது எண்ணிக்கையைச் சொல்கிறது. மருந்தின் அளவு பன்மையாகத் தெரிந்தாலும் ஒருமை: 5 மில்லிகிராம் ‘வாஸ் ஆடட்’. ஐந்தும் ஒரே சிட்டிகையாகத்தானே விழுகிறது.

அமெரிக்க வரலாற்று நூல்கள் வந்தால் எனக்குக் கொஞ்சம் உற்சாகம் கூடும். அந்த நாட்டின் பெயரே ஒரு தொகுப்பு. யுனைடெட் ஸ்டேட்ஸ் இஸ்ஸா, ஆரா? உள்நாட்டுப் போருக்கு முன் ஆர், போருக்குப் பின் இஸ் என்று ஒரு கதை உண்டு. பல நூலாசிரியர்கள் அதை அப்படியே எழுதிவிடுவார்கள். நான் ஓரத்தில் ஒரு குறிப்பு வைப்பேன். அரசமைப்பின் மூன்றாம் பிரிவு, தேசத்துரோகம் பற்றிப் பேசும்போது யுனைடெட் ஸ்டேட்ஸை ‘தெம்’ என்கிறது. சரி, அது பழைய காலம். போர் முடிந்த 1865இல் அடிமைமுறையை ஒழித்து நிறைவேறிய 13ஆம் திருத்தமும் ‘தேர்’ என்றே சொல்கிறது. போரில் ஜெயித்து ஒன்றான பிறகும் இலக்கணத்தில் அவர்கள் உடனே ஒன்றாகவில்லை. 1868இன் 14ஆம் திருத்தம் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. ‘தேர்’ என்றும் சொல்லாமல் ‘இட்ஸ்’ என்றும் சொல்லாமல், ‘தேராஃப்’ என்ற சட்டச் சொல்லைப் போட்டு நழுவிவிட்டது. வரைந்தவர்கள் எதை நினைத்து அப்படி எழுதினார்களோ, பார்க்கிற எனக்கு ஒரு சக தொழிலாளியின் கைவேலையைப் பார்த்த மாதிரி இருக்கும்.

நழுவுவதற்கு ஆங்கிலம் நிறையக் கதவுகள் வைத்திருக்கிறது. இறந்தகாலத்தில் ‘பி’ வினை தவிர மற்றவற்றுக்கு ஒருமை, பன்மை வேறுபாடே கிடையாது. ‘கமிட்டி டிசைடட்’ என்றால் யாரும் எதுவும் கேட்க முடியாது. ‘ஷால்’, ‘வில்’, ‘மே’ போட்டாலும் அப்படியே. நம் அரசமைப்பின் 75ஆவது பிரிவு அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பைப் பற்றிப் பேசுகிறது. கவுன்சில் ஆஃப் மினிஸ்டர்ஸ் ஒன்றா பலரா என்ற கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறு கிடையாது. ஆனால் அங்கே வினை ‘ஷால் பி’ என்று முடிந்துவிடுவதால் கேள்வி எழவே இல்லை. மேசையில் நேரம் நெருக்கும்போது நானும் இந்தக் கதவுகளைப் பயன்படுத்தியிருக்கிறேன். காலத்தை மாற்றினால் பொருள் மாறாத இடத்தில் மட்டும்தான் அது நியாயம்.

இப்போது என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் காப்பி எடிட்டர்கள் அல்ல. வங்கித் தேர்வுக்கும் எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் படிக்கிற பிள்ளைகள். ‘பிழையைக் கண்டுபிடி’ வினாக்களில் ஜூரியும் கமிட்டியும் டீமும் அடிக்கடி வரும். அவர்களுக்கு நான் சொல்வது இது: வினையைப் பார்க்காதீர்கள், அதற்குப் பின்னால் வரும் ‘இட்ஸ்’, ‘தேர்’ இரண்டில் எது என்று பாருங்கள். ‘ஜூரி வாஸ் டிவைடட் இன் தேர் ஒபீனியன்’ என்று வந்தால் ‘தேர்’ காட்டிக்கொடுத்துவிடும். ‘வாஸ்’ போய் ‘வேர்’ வர வேண்டும். அது நியாயமான வினா.

பயிற்சிப் புத்தகங்களில் நியாயமில்லாத வினாக்களும் கிடக்கின்றன. ‘த டீம் ஆர் ப்ளேயிங் வெல்’ என்று கொடுத்துவிட்டு ‘ஆர்’ பிழை என்று விடை போடுகிறார்கள். லண்டனில் பள்ளிக்கூடம் போன பிள்ளை எழுதியிருந்தால் அந்த வாக்கியத்துக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். வினாத்தாள் தயாரிக்கிற ஆசிரியர்களுக்கும் பயிற்சிப் புத்தகம் எழுதுகிறவர்களுக்கும் என் வேண்டுகோள்: இரண்டு விதமாகவும் சரியாக இருக்கும் வாக்கியத்தைப் பிழை வினாவில் வைக்காதீர்கள். வைத்தே தீர வேண்டுமென்றால், பிரிட்டிஷ் வழக்கைக் கேட்கிறீர்களா அமெரிக்க வழக்கையா என்பதை வினாவிலேயே அச்சிட்டுவிடுங்கள்.